பட்ஜியின் நிறத்தை இனங்காண்பது எப்படி

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் “லவ் பேர்ட்ஸ்” என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜிதான். அவுஸ்திரேலியாவின் வறண்ட வெளிகளில் கூட்டங்கூட்டமாகத் திரியும், நீண்ட வாலுள்ள, 30 முதல் 40 கிராம் நிறையுள்ள சிறு கிளி அது. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. வால் கட்டை, உடம்பு தடிப்பு, சொண்டு பெரிது. இங்கே சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

பட்ஜியின் நிறத்தை ஒரே பார்வையில் ஒரே பெயரால் சொல்ல முயல்வதால்தான் பிழை வருகிறது. ஒரு பறவையில் பல விடயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். முகத்தின் நிறம், உடல் நிறத்தின் ஆழம், செட்டையில் உள்ள கோடு, கண், கன்னத்துப் புள்ளி என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்துக் குறித்தால் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும். பெயரை முதலில் தேடினால், நீலச் சோடி என்று வாங்கியது அடுத்த ஈட்டில் பச்சைக் குஞ்சு பொரிக்கும்போதுதான் ஏமாந்தது தெரியவரும்.

நிறம் எங்கிருந்து வருகிறது

இதை ஒரு முறை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. பட்ஜியின் இறகில் பச்சைச் சாயம் என்று ஒன்று இல்லை. மஞ்சள் நிறமி ஒன்று உண்டு, மெலனின் என்ற கறுப்பு நிறமி ஒன்று உண்டு. இறகின் உட்கட்டமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டும். அந்த நீலம் தெரிவதற்குப் பின்னால் கறுப்பு இருக்கவேண்டும். நீலத்துக்கு மேல் மஞ்சள் சேர்ந்தால் பச்சை. இதுதான் காட்டுப் பறவையின் நிறம். ஜோன் கூல்ட் 1840இல் இங்கிலாந்துக்கு உயிரோடு கொண்டுபோனவையும் இந்தப் பச்சைதான்.

இப்போது கழித்துப் பாருங்கள். மஞ்சளை எடுத்துவிட்டால் நீலப் பறவை. கறுப்பை எடுத்துவிட்டால் மஞ்சள் பறவை, அதாவது லுட்டினோ. இரண்டையும் எடுத்துவிட்டால் வெள்ளை, அதாவது அல்பினோ. வெளிநாடுகளில் போவா பாம்பு வளர்ப்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: கறுப்பு இல்லாத பாம்பையும் சிவப்பு இல்லாத பாம்பையும் சேர்த்துப் பெருக்கி, பேரப்பிள்ளைத் தலைமுறையில் இரண்டும் இல்லாத வெளிர்ப் பாம்பைப் பெறுகிறார்கள். பாம்பின் செதிளிலும் பறவையின் இறகிலும் வழி ஒன்றுதான்.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் ஒரு விடயம்: மஞ்சள் நிறமியைப் பட்ஜி தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்கிறது, சாப்பாட்டிலிருந்து எடுப்பதில்லை. கரட்டோ நிறத்தீனியோ கொடுத்து மஞ்சளைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முருங்கை இலையும் கரட்டும் உடம்புக்கு நல்லது, அதற்காகக் கொடுங்கள்.

பார்ப்பதற்கு முன்

காலை 8 மணிக்கு முன், திறந்த நிழலில் பாருங்கள். நீலத் தறப்பாளுக்குக் கீழே வைத்த கூட்டில் பச்சைப் பறவை கடல்நிறமாகத் தெரியும், வெள்ளைப் பறவை வெளிர்நீலமாகத் தெரியும். மஞ்சள் மின்குமிழின் கீழ் சாம்பலும் ஒலிவ் பச்சையும் ஒன்றுபோல் இருக்கும். போனில் படமெடுத்து அனுப்புவதானால் பறவைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் தெரியும்படி எடுங்கள். தாள் நீலமாக விழுந்திருந்தால் பறவையின் நிறமும் பொய்.

கிரவல் தெருவோரத்து வீடுகளில் இன்னொரு சிக்கல். கோடையில் சோளகம் அடிக்கும்போது செம்மண் தூசி இறகில் ஏறி, வெள்ளைப் பறவை மங்கிய மஞ்சளாகவும், கறுப்புக் கோடு மண்ணிறமாகவும் தெரியும். அகலமான தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் வைத்து, இரண்டு நாள் குளிக்க விட்டுப் பிறகு பாருங்கள். கடையில் வாங்கும்போது நிறம் நம்பமுடியாத அளவுக்குச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு இறகைத் துடைத்துப் பாருங்கள். பட்ஜியில் சிவப்பு நிறம் கிடையவே கிடையாது. அது பூசிய சாயம்.

கையில் பிடிப்பதானால் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தலை இருக்க, முதுகு உள்ளங்கையில் படும்படி பிடியுங்கள். நெஞ்சை அழுத்தக்கூடாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் பறவையால் மூச்சு விடமுடியும். ஒரு நிமிடத்துக்குள் செட்டையை விரித்துப் பார்த்து விட்டுவிடவேண்டும். சொண்டைத் திறந்து இளைத்தால் உடனே விடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் நடுப்பகலில் பிடிக்கவே வேண்டாம்.

வயதும் முக்கியம். குஞ்சுகளின் நெற்றிக் கோடுகள் மூக்குத்தோல் (சொண்டுக்கு மேல் மூக்குத் துவாரம் உள்ள தடித்த தோல்) வரைக்கும் இறங்கியிருக்கும். மூன்று, நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்த்த பிறகுதான் நெற்றி துப்புரவாகும், உடல் நிறமும் தெளியும். அதற்கு முன் சொல்லும் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.

முகமும் உடலும்

முதலில் முகத்தைப் பாருங்கள். நெற்றியும் தாடையும் மஞ்சள் என்றால் பச்சை வரிசை. வெள்ளை என்றால் நீல வரிசை. உடம்பு எந்த நிறமாகத் தெரிந்தாலும் இதுதான் அடிப்படை. சாம்பலாக இருக்கும் பறவையின் முகம் வெள்ளையா மஞ்சளா என்று பார்த்த உடனேயே பாதி விடை கிடைத்துவிடும்.

இதில் ஒரு விதிவிலக்கு, அதுவும் அடிக்கடி ஏமாற்றுவது: மஞ்சள்முக நீலம். முகம் மஞ்சள், ஆனால் பறவை நீல வரிசை. சிலவற்றில் மஞ்சள் முகத்தோடு நின்றுவிடும், அது தெளிவு. சிலவற்றில் முதல் இறகு உதிர்ப்புக்குப் பிறகு மஞ்சள் நெஞ்சுக்குள் கசிந்து உடம்பெல்லாம் கடல்பச்சையாகிவிடும். வயிற்றின் அடிப்பகுதியையும் வாலடியையும் விலக்கிப் பாருங்கள். உண்மையான பச்சை அங்கேயும் புல்லின் பச்சையாக இருக்கும். மஞ்சள்முகத்தில் நீலம் எட்டிப்பார்க்கும்.

அடுத்தது ஆழம். இதற்குக் காரணமான பரம்பரை அலகை வளர்ப்பவர்கள் “டார்க்” என்பார்கள். அது இல்லாவிட்டால் வெளிர்பச்சை அல்லது வான்நீலம். ஒன்று இருந்தால் கரும்பச்சை அல்லது கோபால்ட். இரண்டு இருந்தால் ஒலிவ் பச்சை அல்லது மோவ். மோவ் என்பது ஊதா கலந்த மங்கல் சாம்பல்நீலம்; அதனால்தான் அதைக் கிறே, அதாவது சாம்பல் வகை, என்று விற்றுவிடுகிறார்கள்.

மோவா கிறேயா என்று பிரிக்க உடம்பைப் பார்த்துப் பயனில்லை. கன்னத்துத் திட்டையும் வாலையும் பாருங்கள். மோவுக்குக் கன்னம் கருஊதா, நீண்ட வாலிறகு கருநீலம். கிறேக்குக் கன்னம் சாம்பல், வால் கறுப்பு. ஒலிவ் பச்சையையும் கிறே பச்சையையும் பிரிப்பதற்கும் இதே இரண்டு அடையாளமும் போதும். கிறே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளியில் தெரியும். ஆகவே, கிறேயை மூடி மறைக்கும் லுட்டினோ, அல்பினோ தவிர, தாய் தகப்பனில் ஒன்றாவது கிறே இல்லாமல் கிறேக் குஞ்சு வராது. வந்தது என்றால் அது மோவ், அல்லது தகப்பன் வேறு.

கோடுகள்

பின்தலையிலும் பிடரியிலும் செட்டையிலும் உள்ள கோடுகள் கறுப்பா, மண்ணிறமா, சாம்பலா, இல்லவே இல்லையா என்று பாருங்கள். கறுப்பு என்றால் சாதாரணம். மண்ணிறம் என்றால் சினமன். உடம்பும் ஒரு படி வெளிறியிருக்கும், கால் இளஞ்சிவப்பு, நீண்ட பறக்கும் இறகின் தண்டுகூட மண்ணிறம். சாம்பல் என்றால் கிறேவிங். தூசியேறிய சாதாரணப் பறவையைச் சினமன் என்று நினைப்பது நடப்பதுதான், அதனால்தான் குளிக்க விடச் சொன்னது. செட்டை ஏறக்குறைய வெறுமையாக, உடம்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் கிளியர்விங். செட்டையும் உடம்பும் சேர்ந்து மங்கியிருந்தால் டைலூட்.

கோடுகளின் நிறத்தைப் பார்த்த பிறகு அவை இருக்கும் இடத்தையும் பாருங்கள். ஓபலைனில் பின்தலைக் கோடுகள் மெலிந்து, இரண்டு தோளுக்கும் நடுவே முதுகில் கோடில்லாத ஒரு V வடிவம் தெரியும். உடம்பின் நிறம் செட்டைக்குள்ளும் பரவியிருக்கும். முதுகுப் பக்கத்திலிருந்து பார்த்தால் பிழைவிட வழியில்லை. ஸ்பாங்கிளில் எல்லாம் தலைகீழ். சாதாரணப் பறவையின் செட்டை இறகு ஒவ்வொன்றும் நடுவில் கறுத்து ஓரத்தில் வெளிறியிருக்கும். ஸ்பாங்கிளில் இறகு வெளிறி, ஓரத்தில் மெல்லிய கருங்கோடு ஓடும். தொண்டைப் புள்ளிகளும் நடு வெளிறி வளையம்போல் இருக்கும்.

“ரெயின்போ” என்ற பெயரில் எங்கள் பக்கம் விற்பதில் பெரும்பாலானவை வெறும் ஓபலைன் அல்லது பைட், அதாவது உடம்பில் வெளிர்த் திட்டுகள் விழுந்த வகை. உண்மையான ரெயின்போவில் மஞ்சள்முக நீலம், ஓபலைன், கிளியர்விங் மூன்றும் ஒரே பறவையில் இருக்கவேண்டும். மேலே சொன்ன ஒழுங்கில் மூன்றையும் தனித்தனியே தேடிப்பார்த்து, ஒன்று குறைந்தாலும் ரெயின்போ விலை கொடுக்காதீர்கள்.

மஞ்சள் பறவைகளில் எது எது

அதிகம் குழப்புவது இதுதான், பணமும் அதிகம் போவது இதில்தான். முழு மஞ்சளாகத் தெரியும் பறவை குறைந்தது நான்கு வகையாக இருக்கலாம். வெள்ளைப் பறவைக்கும் அப்படியே.

கண்ணை வெளிச்சத்தில் பாருங்கள். கண் சிவப்பு, கன்னம் வெள்ளி வெள்ளை, கால் இளஞ்சிவப்பு என்றால் லுட்டினோ. நீல வரிசையில் அதுவே அல்பினோ. சிவந்த கண்ணோடு செட்டையில் வெளிர் மண்ணிறக் கோடு தெரிந்தால் அது லேஸ்விங், லுட்டினோ அல்ல.

கண் கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளை வளையம், உடம்பில் எந்தக் கோடும் இல்லை, கன்னமும் வெள்ளி என்றால் இரட்டை ஸ்பாங்கிள், அதாவது தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஸ்பாங்கிளைப் பெற்றது. இதற்கு எந்தச் சோடி போட்டாலும் குஞ்சு எல்லாம் ஸ்பாங்கிள் பரம்பரை அலகோடு வரும். ஆகவே ஒரே ஈட்டில் சோதித்துவிடலாம்.

கண் கறுப்பு, வெள்ளை வளையம் இருக்கிறது, ஆனால் நெஞ்சில் பச்சைச் சாயலும் செட்டையில் ஆவிபோன்ற சாம்பல் கோடும் தெரிகிறது என்றால் டைலூட். கண் முழுக்கக் கறுப்பு, முதிர்ந்த பிறகும் வளையமே இல்லை, உடம்பிலும் ஒரு புள்ளியும் இல்லை என்றால் கருங்கண் கிளியர். பைட் வகைகள் இரண்டு சேர்ந்து வருவது.

இங்கே வயதை மறக்கக்கூடாது. குஞ்சின் கண்ணில் வளையம் இராது; நான்கு மாதத்துக்குப் பிறகு தோன்றத் தொடங்கி எட்டு மாதமளவில் தெளிவாகும். இரண்டு மாதக் குஞ்சைக் காட்டி “கருங்கண் கிளியர்” என்றால் காசு கொடுக்காமல் பொறுத்திருங்கள்.

பைட் இரண்டு விதம். பின்தலையில் ஒரு வெளிர்ப் புள்ளி, வயிற்றின் குறுக்கே ஒரு வெளிர்ப் பட்டி, கண்ணில் வளையம் இருந்தால் டொமினன்ட் பைட். செட்டைக் கோடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிதறி, நிறம் வயிற்றின் கீழ்ப்பாதியில் மட்டும் நின்று, கண்ணில் வளையமே வராவிட்டால் ரிசெசிவ் பைட்.

சேவலா பேடா

மூக்குத் துவாரம் இருக்கும் அந்தத் தடித்த தோலைப் பார்த்துத்தான் எல்லாரும் சொல்வார்கள். முதிர்ந்த சேவலுக்கு நீலம். பேட்டுக்கு வெள்ளை தொட்டு மண்ணிறம் வரை, முட்டையிடும் காலத்தில் தடித்து வரண்டு கரடுமுரடாகும். சாதாரணப் பறவைக்கு இது சரி. லுட்டினோ, அல்பினோ, ரிசெசிவ் பைட் சேவல்களுக்கு மூக்குத்தோல் நீலமாகவே மாறாது; ஆயுள் முழுக்க ஊதா கலந்த இளஞ்சிவப்பு. இதை அறியாமல் இரண்டு லுட்டினோச் சேவல்களைச் சோடியாக வாங்கி, முட்டையிட மண் முட்டி கட்டி, மாசக்கணக்கில் முட்டைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இந்த வகைகளில் துவாரத்தைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பேடு. ஒரே சீராக ஊதாச்சிவப்பாக இருந்தால் சேவல்.

கூட்டுக்குள்ளேயே கண்டுபிடித்தல்

இதில்தான் நிற அறிவு உண்மையில் கை கொடுக்கிறது. லுட்டினோ, அல்பினோ, சினமன், ஓபலைன், லேஸ்விங் ஆகியவை ஆண், பெண் என்ற பாலோடு சேர்ந்து இறங்குபவை. பறவைகளில் சேவலுக்கு இந்தப் பரம்பரை அலகு இரண்டு பிரதி, பேட்டுக்கு ஒன்றே ஒன்று. ஆகவே பேட்டிடம் இவை இருந்தால் வெளியில் தெரியும், இல்லாவிட்டால் இல்லை. பேட்டால் ஒளித்து வைத்திருக்க முடியாது. சேவல் ஒளித்து வைத்திருக்கலாம். அதைத்தான் ஸ்பிளிட் என்கிறார்கள். “லுட்டினோவுக்கு ஸ்பிளிட் பேடு” என்று யாராவது விற்றால் அவருக்குத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

லுட்டினோச் சேவலைச் சாதாரணப் பச்சைப் பேட்டோடு போடுங்கள். பொரிக்கும் சிவப்புக்கண் குஞ்சு எல்லாம் பேடு. கருங்கண் குஞ்சு எல்லாம் சேவல், அத்தனையும் ஸ்பிளிட். மாற்றிப் போட்டு, சாதாரணச் சேவலை லுட்டினோப் பேட்டோடு விட்டால் லுட்டினோக் குஞ்சு ஒன்றுகூட வராது. பலர் “மஞ்சள் இரத்தம் செத்துப்போச்சு” என்று பேட்டை விற்றுவிடுவது இந்த இடத்தில்தான். விற்கவேண்டாம்: மகன்கள் எல்லாம் ஸ்பிளிட், அவற்றிலிருந்து அடுத்த தலைமுறையில் மஞ்சள் பேடுகள் வரும்.

பட்ஜி ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். பொதுவாக நாலு முதல் ஆறு. 18 நாளில் பொரிக்கும். பொரித்த அன்றே பாருங்கள். கண் மூடியிருந்தாலும் தோலுக்குள்ளால் தெரியும்: சாதாரணக் குஞ்சுக்குக் கறுத்த உருண்டை, லுட்டினோவுக்கு இளஞ்சிவப்பு, சினமனுக்குக் கருஞ்சிவப்பு. சினமனின் சிவப்பு சில நாளில் கறுத்துவிடும், அதனால் முதல் நாலைந்து நாளுக்குள் பார்த்துக் குறித்துவிடவேண்டும். மண் முட்டியின் வாய் ஒடுக்கம் என்றால் சின்ன டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தாய் வெளியில் வந்து தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்து, அரை நிமிடம். பொரித்து 30 முதல் 35 நாளில் குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளியே வரும்.

கணக்கு பிழைக்கும் இடம்

நீலம் ரிசெசிவ், அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியில் தெரியும். நீலமும் நீலமும் சேர்ந்து பச்சை வராது. இரண்டு பச்சையும் நீலத்துக்கு ஸ்பிளிட் என்றால் சராசரியாக நாலில் ஒன்று நீலம் வரும். ஒரு ஈட்டில் ஐந்தே குஞ்சு. ஒன்றும் நீலமாக வராமலும் போகலாம், மூன்று வரவும் கூடும். நாலைந்து ஈடு சேர்த்துப் பார்த்துத்தான் கணக்கைப் பேசவேண்டும்.

கணக்குக்கு ஒத்துவராத குஞ்சு வந்தால், புது நிறம் பிறந்துவிட்டது என்று நினைப்பதற்கு முன் கூட்டைப் பாருங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒரு பெரிய கம்பிவலைக் கூட்டில் பத்துப் பதினைந்து பறவையை விட்டு, சுவரோரம் முட்டிகளை வரிசையாகத் தொங்கவிடுகிறோம். அங்கே சோடி என்பது கண்ணுக்குத் தெரியும் சோடி மட்டுமே. பக்கத்து முட்டிச் சேவலும் மிதிக்கும், ஒரு முட்டிக்குள் இரண்டு பேடும் இடும். நிறம் தெரிந்து பெருக்க விரும்பினால் ஒரு சோடிக்கு ஒரு கூடு. வேறு சேவலோடு இருந்த பேட்டைக் கொண்டுவந்தால் ஒரு மாதமாவது தனியே வைத்துப் பிறகு சோடி போடுங்கள்; பழைய சேவலின் வித்து பேட்டின் உடம்பில் சில நாள் தங்கும், முதல் முட்டைகளில் அது வந்துவிடலாம்.

லுட்டினோவும் அல்பினோவும் எதையும் மூடி மறைப்பவை. கிறேயோ ஸ்பாங்கிளோ ஓபலைனோ அந்த மஞ்சளுக்குள் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது; குஞ்சில்தான் வெளிவரும். பிட்டத்து இறகை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் லுட்டினோவில் மெல்லிய பச்சை மினுக்கமும் அல்பினோவில் நீல மினுக்கமும் சில பறவைகளில் தெரியும். அதற்கு மேல் வெளித்தோற்றத்தில் எதுவும் சொல்ல முடியாது.

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயருக்குப் பதிலாகக் கண்டதை எழுதுங்கள்: “முகம் வெள்ளை. உடம்பு மங்கல் சாம்பல்நீலம். கன்னம் கருஊதா. வால் கருநீலம். கோடு கறுப்பு, முதுகில் V. கண் வளையம் உண்டு. மூக்குத்தோல் நீலம்.” மோவ் ஓபலைன் சேவல் என்பது அந்த ஏழு குறிப்பிலும் இருக்கிறது. இதே பறவையைக் கிறே என்று எழுதி வைத்திருந்தால், அடுத்த வருடம் அதன் குஞ்சுகளில் கிறே ஒன்றும் வராதது ஏன் என்று கொப்பியைப் புரட்டியும் விடை கிடைக்காது.